சுரங்க வண்டியின் சில்லும் இரண்டு சொட்டு எண்ணெயும்

எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக உம்மாவின் தையல் மெஷின் இருக்கின்றது. காலால் மிதித்து ஓட்டும் பழைய மெஷின். பெருநாளுக்கு முந்திய கிழமைகளில் அது இரவிலும் ஓயாது. ஒருநாள் தலையணை உறை ஒன்று தைப்பதற்காக அதன் முன் அமர்ந்தேன். மிதி கல்லாய்க் கனத்தது. பலத்தையெல்லாம் கூட்டி மிதித்தேன். சமையலறையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "நிப்பாட்டுங்க மகள். காஞ்ச மெஷின மிதிச்சா மெஷினும் தேயும், உங்கட காலும் தேயும். ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க."

விட்டேன். சில்லைக் கையால் நாலைந்து தரம் சுழற்றினேன். அதன் பின்னர் மிதி தானாகவே ஓடுவது போலிருந்தது. மெஷின் மாறவில்லை, என் காலும் மாறவில்லை. அச்சு சுழலுகின்ற அந்தச் சிறிய இடம் மட்டுமே மாறியது.

சுழலும் அச்சைத் தாங்கி நிற்கும் அந்த இடத்தைத்தான் பாடநூல்கள் 'போதிகை' என்கின்றன. கராஜில் வேலை செய்பவர்கள் 'பெயாரிங்' என்பார்கள். சைக்கிளிலும், மின்விசிறியிலும், ஓட்டோவிலும், லொறியிலும் அது இருக்கின்றது. ஆனால் பெயாரிங்குக்கு மிகக் கடுமையான பரீட்சை நடக்கும் இடம் எது தெரியுமா? பூமிக்கடியில் ஓடும் சுரங்க வண்டியின் சில்லுதான். அந்தச் சில்லை மனிதர்கள் எப்படிப் படிப்படியாகத் திருத்தினார்கள் என்பதை அறிந்தால், ஒரு சிறு இரும்புத் துண்டு ஒரு மனிதனின் முதுகை எவ்வாறு காப்பாற்றுகின்றது என்பதும் விளங்கும்.

எமது அயலில் உள்ள சுரங்கங்கள்

எமது மாத்தளை மாவட்டத்தில் கைக்காவல, ஓவல பகுதியில் பெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் அகழப்படுகின்றது. அது திறந்த வெளி அகழ்வு. தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளைக் காண வேண்டுமானால் மாவட்ட எல்லையைத் தாண்டிக் குருநாகல் பக்கம் செல்ல வேண்டும். அங்கே தொடங்கஸ்லந்தவுக்கு அருகில் கஹட்டகஹ காரீயச் சுரங்கம் உள்ளது. அதன் ஆழம் 600 மீற்றருக்கும் அதிகம். கேகாலை மாவட்டத்தில் போகல சுரங்கம் உள்ளது. அங்கே சுரங்கத்தின் தட்டுகளை இன்றும் 'பாதம்' என்னும் பழைய ஆழ அளவில் பெயரிட்டு அழைக்கிறார்கள். ஒரு பாதம் என்பது ஆறு அடி. 275 பாதத் தட்டு என்றால் ஏறத்தாழ 500 மீற்றர் ஆழம்.

காரீயம் என்பது நாம் பென்சிலில் காணும் அதே கரிய பொருள்தான். சிங்களத்தில் 'மினிரன்' என்பர். பூமிக்கடியில் அதைப் பாறையிலிருந்து பிரித்தெடுத்தால் மட்டும் போதாது. குறுகிய சுரங்க வழியில் பாரம் தூக்கும் கூடு இருக்கும் இடம் வரை அதைக் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் தண்டவாளமும், நான்கு சில்லு வைத்த இரும்புத் தொட்டி வண்டியும் வேண்டும். அதைத் தள்ளுபவர் மனிதர்.

குரைக்கும் வண்டி

சுரங்க வண்டிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜேர்மனியைச் சேர்ந்த அக்ரிகோலா என்னும் அறிஞர் சுரங்கத் தொழில் பற்றி எழுதிய பெருநூல் 1556 இல், அவர் இறந்த மறு வருடம், வெளிவந்தது. அக்காலச் சுரங்கங்களில் பயன்பட்ட ஒரு வண்டியை அவர் அதில் விவரிக்கின்றார். இரும்பு அச்சில் மரச் சில்லுகள் பூட்டிய வண்டி அது. தள்ளுவண்டியை விட ஒன்றரை மடங்கு பாரம் கொள்ளும். தொழிலாளர் அதற்கு இட்ட பெயர் 'நாய்'. ஓடும்போது நாய் குரைப்பது போலச் சத்தம் போட்டதே காரணம் என்கிறார் அக்ரிகோலா.

அந்தக் குரைப்பைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அது எதன் சத்தம்? அச்சும் சில்லும் ஒன்றையொன்று உரசித் தேயும் சத்தம். தள்ளுபவர் செலவிட்ட பலத்தில் ஒரு பகுதி வண்டியை நகர்த்தாமல் சத்தமாகவும் சூடாகவும் வீணாகிப் போனது. அதையே உராய்வு என்கிறோம்.

அந்த வீண் செலவை யார் சுமந்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்களும், எம்மை விட வயது குறைந்த சிறுமிகளும் இடுப்பில் பட்டியும் கால்களுக்கிடையே சங்கிலியும் பூட்டி, நிலக்கரி ஏற்றிய தொட்டிகளைத் தவழ்ந்தபடி இழுத்தார்கள். ஆணைக்குழு ஒன்று இதை விசாரித்து அறிக்கையிட்டபோது நாடே அதிர்ந்தது. பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதை 1842 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதுவரை, எண்ணெய் காணாத ஒவ்வோர் அச்சின் உராய்வும் ஏதோ ஒரு சிறுமியின் இடுப்பில்தான் இறங்கியது.

ஒரு சிறு கணக்கு

விஞ்ஞான பாடத்தில் படித்ததைக் கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். வண்டியும் பாரமும் சேர்ந்து 1,000 கிலோகிராம், அதாவது ஒரு தொன், என்று வைத்துக்கொள்வோம். சில்லின் ஆரை 15 சென்ரிமீற்றர். அச்சின் ஆரை 3 சென்ரிமீற்றர். புவியீர்ப்பை 10 எனக் கொண்டால் வண்டியின் நிறை 10,000 நியூற்றன்.

சில்லின் துளைக்குள் அச்சு நேரடியாக உரசும் சாதாரண அமைப்பில், மசகு குறைவாக இருந்தால் உராய்வுக் குணகம் 0.1 அளவில் இருக்கும். ஆகவே அச்சில் 1,000 நியூற்றன் உராய்வு விசை தோன்றும். அச்சைப் போல் சில்லு ஐந்து மடங்கு பெரியது. எனவே வண்டியைத் தள்ளுபவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 நியூற்றன் தெரியும். பெரிய சில்லு பூட்டிய மாட்டு வண்டி இலகுவாக ஓடுவதன் இரகசியமும் இதுதான். சில்லு தண்டவாளத்தில் உருள்வதாலும் அதன் விளிம்பு உரசுவதாலும் மேலும் 50 நியூற்றன் என்று வைத்தால் மொத்தம் 250 நியூற்றன்.

இப்போது அச்சுக்கும் சில்லுக்கும் இடையில் உருளைகள் கொண்ட பெயாரிங்கை வைப்போம். குணகம் 0.002 அளவுக்குக் குறைகின்றது. தள்ளுபவர் உணரும் அச்சு உராய்வு வெறும் 4 நியூற்றன். தண்டவாளத்தின் 50 நியூற்றனைச் சேர்த்தால் 54 நியூற்றன்.

இந்த வண்டியை 200 மீற்றர் தூரம் தள்ளினால் முதலாவது அமைப்பில் செய்யும் வேலை 50,000 யூல். இரண்டாவதில் 10,800 யூல். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு! ஒரு நாளில் இருபது தரம் தள்ளும் ஒருவர் மாலையில் வீடு திரும்பும்போது அவரது முழங்காலுக்கும் முதுகுக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

கணக்கில் இன்னொரு பாடமும் உண்டு. அச்சின் உராய்வு 200 இலிருந்து 4 ஆகக் குறைந்தாலும் மொத்தம் 54 இல் நின்றுவிட்டது. பெயாரிங்கைத் திருத்திய பின் அடுத்ததாகத் திருத்த வேண்டியது வளைந்து நெளிந்த தண்டவாளமும் அதில் படியும் சேறும்தான். ஒரு குறை நீங்கும்போதுதான் அதன் பின்னால் மறைந்திருந்த அடுத்த குறை கண்ணுக்குத் தெரிகின்றது.

உரசுவதை உருள்வதாக மாற்றியவர்கள்

முதலில் வந்த திருத்தம் எண்ணெயும் கொழுப்பும். இரு உலோகங்களுக்கிடையே ஒரு மெல்லிய படலமாக நின்று அவை தொடாமல் பார்த்துக்கொள்வதே மசகின் வேலை. சுரங்க வண்டிக்கு எண்ணெய் விட்டால் அது விரைவில் வழிந்துவிடும். ஆகவே சில்லின் நடுக் குடத்திலேயே எண்ணெய் தேங்கி நிற்கும் ஓர் அறையை வார்த்து, அதற்கு மூடியும் போட்டார்கள். சில்லு சுழலச் சுழல எண்ணெய் தானாகவே அச்சை நனைத்தது.

அடுத்தது உலோகத்தை மாற்றியது. அமெரிக்கரான ஐசாக் பாபிற் 1839 இல் வெள்ளீயம், அந்திமனி, செம்பு ஆகியவை கலந்த மிருதுவான கலப்புலோகம் ஒன்றைப் பெயாரிங்கின் உட்பூச்சாகப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். மணல் துணிக்கை ஒன்று உள்ளே புகுந்தால் அது அச்சைக் கீறாமல் இந்த மெத்தென்ற உலோகத்தில் புதைந்துவிடும்.

ஆனால் பெரிய மாற்றம் உருளும் பெயாரிங்தான். இங்கிலாந்துக்கு அருகிலுள்ள வேல்ஸில் பிலிப் வாகன் என்னும் இரும்பாலைக்காரர் 1794 இல் வண்டி அச்சுக்குள் இரும்புக் குண்டுகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஜோன் வெஸ்லி ஹயற் 1890களில் வேறொரு வழி கண்டார். அவர் கரும்பு பிழியும் ஆலைக்காக, எஃகுப் பட்டியைச் சுருள்வில்லைப் போல் சுற்றி உருளைகளைச் செய்தார். அந்த உருளை சற்று வளைந்து கொடுக்கும், அதிர்ச்சியைத் தாங்கும், சுருளின் இடைவெளியில் கிறீசையும் பிடித்து வைத்திருக்கும். பின்னாளில் சுரங்க வண்டிகளுக்கு அந்தப் பெயாரிங்குகள் பெருமளவில் விற்பனையாயின. 1898 இல் குதிரை வண்டி செய்யும் தொழிலதிபரான ஹென்றி ரிம்கன் கூம்பு வடிவ உருளைப் பெயாரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். மேலிருந்து அழுத்தும் பாரத்தோடு, வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் பாரத்தையும் அது ஒருங்கே தாங்கியது.

சுரங்கம் வைக்கும் பரீட்சை

நல்ல பாதையில் ஓடும் வண்டிக்கு இவ்வளவு போதும். சுரங்கத்தில் போதாது. அங்கே பெயாரிங்குக்கு நான்கு எதிரிகள் உண்டு.

முதலாவது நீர். சுரங்கச் சுவர்களிலிருந்து அது சொட்டிக்கொண்டே இருக்கும். பெயாரிங்குக்குள் புகுந்தால் கிறீசைக் கழுவித் துருவை விட்டுச் செல்லும். இரண்டாவது பாறைத் தூள். எஃகுக் குண்டுகளுக்கிடையே அது அரத்தூளாக வேலை செய்யும். மூன்றாவது அதிர்ச்சி. பெரிய கற்களை வண்டிக்குள் கொட்டும்போது முழு அடியும் அச்சில் விழும். நான்காவது கவனக்குறைவு. இருட்டில், அவசரத்தில், கடைசிச் சில்லுக்குக் கிறீஸ் வைக்க மறந்துவிடுவது மனித இயல்பு.

ஆகவே சுரங்க வண்டிக்குப் பெயாரிங்கைத் திருத்துவது என்றால் உள்ளே உருளைகளை வைப்பது மட்டுமல்ல. கிறீஸ் வெளியே போகாமலும் தூசும் நீரும் உள்ளே வராமலும் தடுக்கும் அடைப்பு வளையம் வேண்டும். கராஜில் 'ஒயில் சீல்' என்று சொல்வது இதன் உறவுக்காரர்தான். அதிர்ச்சியைத் தாங்கக் குண்டுகளை விட உருளைகள் பொருத்தமானவை. ஏனெனில் குண்டு ஒரு புள்ளியில் தொட்டு நிற்கும், உருளையோ ஒரு கோட்டின் நீளத்துக்குத் தொட்டு நிற்கும். ஆகவே பாரம் பரந்து விழும். ஒரு முறை கிறீஸ் நிரப்பினால் நீண்ட காலம் கேட்காமல் ஓடும்படி அமைத்தால் மறதி என்னும் எதிரியும் தோற்றுவிடுவான்.

இலகுவான வண்டி கொண்டுவரும் பொறுப்பு

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாரமேற்றிய வண்டி இலகுவாக வருவதற்காகச் சுரங்கத் தண்டவாளத்தைக் கூடு இருக்கும் பக்கமாகச் சற்றுச் சரிவாக அமைப்பதுண்டு. 100 மீற்றருக்கு 1 மீற்றர் சரிவு என்றால், எமது ஒரு தொன் வண்டியைச் சரிவு 100 நியூற்றன் விசையால் கீழே இழுக்கும். பழைய வண்டியின் தடை 250 நியூற்றன். கையை எடுத்தாலும் அது அசையாமல் நிற்கும். திருத்திய வண்டியின் தடை 54 நியூற்றன் மட்டுமே. கையை எடுத்த மறுகணம் அது தானாக ஓடத் தொடங்கி, வேகம் கூடி, முன்னால் நிற்பவர் மீது மோதும்.

ஆகவே நல்ல பெயாரிங் பூட்டும் நாளிலேயே நல்ல தடுப்பும் பூட்ட வேண்டும். நிறுத்தும் இடத்தில் சில்லுக்கு முட்டுக்கட்டை வைக்கும் பழக்கமும் வேண்டும். இதுவரை குறை என்று நாம் திட்டிய உராய்வு, யாரும் கேட்காமலே ஒரு காவலையும் செய்துகொண்டிருந்தது. அதை நீக்குபவர் அதன் காவல் வேலையையும் பொறுப்பேற்க வேண்டும்.

எண்ணெய்க்குப் பதில் ஒரு கரி

காரீயச் சுரங்கத்துக்குத் திரும்புவோம். அங்கே வண்டியில் ஏற்றப்படும் பாரமே ஒரு மசகு என்பதுதான் விந்தை!

காரீயம் காபன் அணுக்களால் ஆனது. அணுக்கள் தேன்கூடு போல அறுகோணங்களாகப் பிணைந்து தகடு தகடாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு தகட்டுக்குள் பிணைப்பு மிக வலிமையானது. ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.335 நனோமீற்றர் இடைவெளி உண்டு. அங்கே பிடிப்பு மிகத் தளர்வு. ஆகவே தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று இலகுவில் வழுக்கும். பென்சிலால் எழுதும்போது தாளில் ஒட்டுவதும் அப்படிச் சரிந்து பிரிந்த தகடுகளே. இன்னொரு செய்தி: காரீயம் நன்றாக வழுக்குவதற்குக் காற்றிலுள்ள ஈரமும் துணை செய்கின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்பிறப்பாக்கிகளில் காரீயம் கலந்த துண்டுகள் அதிவேகமாகத் தேய்ந்தன. உயரத்தில் காற்று மெலிந்து உலர்ந்து இருந்ததே அதற்குக் காரணம்.

இலங்கைக் காரீயம் பாறைப் பிளவுகளில் நாளம் நாளமாகப் படிந்தது, மிகத் தூய்மையானது. முதலாம் உலகப் போரின் நடுவே, 1916 இல், இலங்கையிலிருந்து 33,000 தொன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. அந்நாளில் கொழும்புக் களஞ்சியங்களில் அதைக் கையால் தரம் பிரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாட்டின் முதலாவது பிரதமர் டீ. எஸ். சேனாநாயக்கவின் தந்தையாரும் காரீய வியாபாரத்தால் செல்வந்தரானவரே.

அப்படியானால் எல்லாப் பெயாரிங்குக்கும் காரீயத் தூளைப் போட்டுவிடலாமா? கூடாது. வேகமாகச் சுழலும் குண்டுப் பெயாரிங்குக்கு ஏற்ற எண்ணெயோ கிறீசோதான் வேண்டும். மெதுவாகச் சுழலும், பாரம் கூடிய, மிகச் சூடான இடங்களே காரீயத்துக்குப் பொருத்தம். நல்ல உதாரணம் ஓடும் பீங்கானும் சுடும் நீண்ட சூளை. மாத்தளையின் பெல்ட்ஸ்பார் போன்ற கனிமத்தைக் கலந்து செய்த பொருட்களை அடுக்கிய வண்டிகள் அந்தச் சூளைக்குள் தண்டவாளத்தில் மெல்ல நகரும். அந்தச் சூட்டில் சாதாரண எண்ணெய் எரிந்து கரியாகிவிடும். ஆகவே அத்தகைய வண்டிகளின் பெயாரிங்குகளில் காரீயத்தையே மசகாக வைப்பதுண்டு. எண்ணெய் கரியாகித் தோற்கும் இடத்தில், கரியே எண்ணெயாகி வெல்கின்றது.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

வாய் விளிம்பு ஒரே அளவுள்ள இரண்டு பால்மா ரின் மூடிகளை எடுங்கள். ஒன்றை மேசையில் மல்லாத்தி வைத்து மற்றதை அதன் மேல் வைத்து, நான்கைந்து பாடப் புத்தகங்களை ஏற்றித் திருப்புங்கள். கீச்சென்று உரசும். இப்போது கீழ் மூடிக்குள் ஒரே அளவான பத்துப் பன்னிரண்டு மாபிள்களைப் பரப்பி, அதே பாரத்தோடு திருப்பிப் பாருங்கள். ஒரு விரலால் சுழலும். அடுத்து மாபிள்களுக்கிடையே ஒரு பிடி மணலைத் தூவுங்கள். மீண்டும் கீச்சென்று கத்தும். குண்டுப் பெயாரிங்கும், சுரங்கத் தூசும், அடைப்பு வளையத்தின் அவசியமும் இந்த ஒரே பரிசோதனையில் விளங்கிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013 இல் அறிமுகமானது. "பெயாரிங்கும் கிறீசும் பொடியன்மாரின் வேலை, பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்றும் உள்ளனர். ஒரு காலத்தில் அந்தப் பாரத்தை இழுத்தவர்கள் சிறுமிகள், அந்தக் காரீயத்தைப் பிரித்தவர்கள் பெண்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். பாரத்தை இழுக்க அன்று அவர்களை அழைத்தார்கள். பாரத்தைக் குறைக்கும் அறிவைக் கற்க இன்று எம்மை அனுப்புங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

இக்கட்டுரையை எழுதி முடித்த மாலை உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிதான் மகள், இந்தக் கிழமை மெஷினுக்கு எண்ணெய் விட்டீங்களா?" என்றார். நான் எழுந்து போய் எண்ணெய்ப் போத்தலைத் தேடினேன்.